மென்றதனால் தெளிந்தாரா சரோஜினி அக்கா?

மாண்பும் மதியும் நிறைந்து, இந்த மன்றத்தின் தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் தியாகராஜா ஐயா அவர்களே, திகனயிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் மழையைப் பாராது வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கண்டி மாநகரின் கண்மணிகளான இளைஞர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் டொக்டர் அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழில் அச்சாகியிருப்பது பல் வைத்தியர் விமலநாதன் அவர்களின் பெயர். பாதையை மறித்துச் சோதனை நடப்பதால் அவர் மாத்தளையிலேயே நிற்கிறார். நேற்று அவர் அனுப்பிய குறிப்புத்தாள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. நானோ முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் பொய்ப்பல் கட்டிக்கொடுக்கும் நளீர். “நீங்க வாசிச்சாப் போதும் நளீர் நானா” என்று செயலாளர் என்னை மேடையில் ஏற்றிவிட்டார்.

வாசித்தேன், விளங்கியது. மறுபடி வாசித்தேன், குழம்பியது.

தாள் என்ன சொல்கிறது? மெல்லும்போது மூளைக்குப் போகும் இரத்தம் கூடுகிறதாம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய எலிகள் பழகிய பாதையிலேயே தடுமாறினவாம். பல்லிழந்த பெரியவர்களிடம் மறதி அதிகம் காணப்படுகிறதாம். பல் கட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? சிரியுங்கள், சிரியுங்கள், அப்போதுதான் யாருக்குப் பல் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த வரியிலேயே டொக்டர் எழுதுகிறார்: பல் போனதால் மறதி வந்ததா, மறதி வந்ததால் பல்லைக் கவனியாது விட்டார்களா, இரண்டையும் வேறொன்று கொண்டுவந்ததா, இன்னும் தெளிவில்லை. படித்தவருக்கே தெளிவில்லாததை இந்தப் பாமரன் எப்படித் தெளிவாக்குவேன்? ஆகவே அன்பர்களே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரேயொரு வாயைப் பற்றிப் பேசுகிறேன்.

சரோஜினிதேவி அக்கா. யாழ்ப்பாணத்தவர். கலியாணம் கட்டாதவர். கண்டி டெலிபோன் கந்தோரில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் வேலை. நானூறு நம்பர்கள் அவருக்கு மனப்பாடம். புத்தகத்தைப் புரட்டமாட்டார். “ஹேவாஹெட்ட ஆஸ்பத்திரியோ? பொறுங்கோ” என்பார், கை தானாகப் போகும். அந்த ஞாபகம்தான் அவருடைய சோறு, அவருடைய மானம், அவருடைய பெருமை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதம், பல்லீறு அழுகும் முரசு நோயால் அவருடைய பற்கள் அத்தனையையும் பிடுங்க வேண்டி வந்தது. காயம் ஆறட்டும், ஆடியில் பல் தருகிறேன் என்றேன். ஆடி வந்தது. பல் வந்ததா? நெருப்பு வந்தது. தமிழர் வீடு என்று, கட்டுகஸ்தோட்டையில் அக்கா இருந்த வாடகை வீட்டைக் கலவரக்காரர் எரித்தார்கள். பக்கத்துக் கடைக்கு வைத்த தீயில் என் பட்டறையும் எரிந்தது. அக்காவின் வாயளவு எடுத்த சாந்து அச்சும் அதோடு போயிற்று. ஒரு கைப்பையோடு அவர் திகனயில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி ஹிதாயா பின்னறையை ஒழித்துக்கொடுத்தாள். அவர் சைவம் என்பதற்காகப் புதுச் சட்டி வாங்கித் தனியாகச் சமைத்தாள்.

சமைத்து என்ன? மெல்லப் பல் எங்கே? ஐந்து மாதம் கஞ்சி. ஐந்து மாதம் தேத்தண்ணீரில் நனைத்த பாண். பல் செய்யும் சாமானுக்காக நான் கொழும்புக்கு எழுதி எழுதிக் காத்திருந்தேன். அதற்குள் அக்கா மங்கிப் போனார். உப்புக்குச் சீனி போட்டார். ஹிதாயாவை எங்கள் மகள் ஹபீலாவின் பெயரால் அழைத்தார். வேலைக்குத் திரும்பிய முதல் கிழமையே பதுளை கேட்டவருக்கு மாத்தளையைக் கொடுத்தார். “தம்பி, ஒரு நம்பரும் வருகுதில்லை. வெள்ளையடிச்ச சுவர் மாதிரிக் கிடக்கு” என்று என்னிடம் அழுதார்.

கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் மருத்துவச் சபை முன் தோன்ற வேண்டும். மூளை சரி என்றால் வேலை. இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கிழமையே சாமான் வந்தது. இரவல் பட்டறையில் இருந்து பல்லைக் கட்டினேன். பொருத்திய அன்றே ஹிதாயா பச்சைக் கரட் ஒன்றைக் கழுவிக் கொடுத்தாள். கடித்தார். மென்றார். கரட் கடித்தவர் கடலை கடித்தார். கடலை கடித்தவர் முறுக்கு முறித்தார். மூன்றாம் கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, தெல்தோட்டைத் தபால் கந்தோரின் நம்பரைச் சொன்னார். அதன் பிறகு நம்பர்கள் நிற்கவில்லை.

என்னைப் பிடிக்க முடியுமா? என் பல்தான் மூளையை மீட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். ஹிதாயா ஒத்துக்கொள்ளவில்லை. “பல்லாலயும் இல்ல ஒண்டாலயும் இல்ல. அவக்குப் பயம் தெளிஞ்சிருக்கு. இப்பதான் ஒழுங்கா நித்திர கொள்றா” என்றாள். அக்காவையே கேட்டேன். “எனக்கு என்ன தெரியும் தம்பி? இரண்டும் ஒண்டாய் வந்தது” என்றார். பல்லா, பயமா, பசியா, பரிவா? பதினைந்து வருடமாகக் குழம்புகிறேன். தலைவர் மணியடிக்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, அந்த மருத்துவச் சபைக்குள் மட்டும் போய் வந்துவிடுகிறேன்.

சபை நாள் நானும் கூடப் போனேன். உள்ளே போகுமுன் கொஞ்சம் கடலையைக் கொடுத்து மென்றுகொள்ளச் சொன்னேன், மூளை சுறுசுறுப்பாகட்டும் என்று. கதவு பாதி திறந்திருந்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள், கழித்தார். திகதி கேட்டார்கள், சொன்னார். ஊர்களும் நம்பர்களும் கேட்டார்கள், கடகடவென்று கொட்டினார். நான் வாசலில் பூரித்து நின்றேன். கடைசியாகத் தமிழ் தெரிந்த இளைய டொக்டர் ஒருவர், மிக அன்பாகத்தான், கேட்டார்:

“உங்கட வீட்டு விலாசம் என்னம்மா?”

அக்கா கைப்பையை மடியில் நேராக்கி வைத்தார்.

“நீங்க இப்ப இருக்கிற வீடு.”

“இருக்கிற இடம் தெரியும் டொக்டர். வீடு எண்டு கேட்டால், எனக்குத் தெரியேல்லை.”

எழுதினார்கள். ‘இடம் பற்றிய தெளிவில்லை. வேலைக்குத் தகுதியில்லை.’

நான் வாசலில்தானே நின்றேன். எங்கள் விலாசத்தைச் சொல்லுங்கள் அக்கா என்று குரல் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை? அறை கொடுத்தோம், சட்டி வாங்கினோம், பல் கட்டினோம். இது உங்கள் வீடு என்று ஒரு நாளும் நாங்கள் சொன்னதில்லை. அது அந்த வாசலில்தான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் வாய் அடைத்துப் போயிற்று. என் வாயில் அன்று முப்பத்திரண்டு பல்லும் இருந்தன.

சபையோரே, டொக்டரின் தாளுக்குத் துரோகம் செய்யமாட்டேன். ஆடும் பல்லைக் காட்டுங்கள். போன பல்லைக் கட்டுங்கள். கட்டிய பல்லைக் கழுவுங்கள். நன்றாக மென்று தின்னுங்கள். அது மூளையைக் காக்குமா? காக்கலாம், அதற்கு மேல் சத்தியம் செய்ய எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் பதிலின்றி நிற்கும்போது, அவர் மூளை மங்கிவிட்டது என்று எழுதுமுன் கேளுங்கள்: அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நாம் அவருக்கு விட்டுவைத்திருக்கிறோமா? எரித்தவர்கள் விட்டுவைக்கவில்லை, ஏந்திக்கொண்ட நாமாவது விட்டுவைத்தோமா?

அக்கா யாழ்ப்பாணம் போனார். சண்டை அங்கிருந்தும் அவரைக் கிளப்பியது. சென்ற மாதம் வன்னியிலிருந்து யாரோ ஒருவர் கையில் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். பல் இன்னும் அசையவில்லையாம். மரத்தடியில் இருக்கிறாராம். பதிலை எழுதிவிட்டேன். இனியாவது வீட்டுக்கு வாருங்கள் அக்கா என்று எழுதியிருக்கிறேன். உறை இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது. சரோஜினிதேவி என்று பெயர் எழுதியாயிற்று. பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வடக்கே போகிறவர் யாரேனும் இந்த மண்டபத்தில் இருந்தால், படியடியில் என்னைக் காணுங்கள். இவ்வளவு நேரம் செவி தந்த உங்கள் எல்லோருக்கும் நன்றியும் சலாமும் சொல்லி இறங்குகிறேன்.