பரிசத்துக்கு முன்னால் ஒரு தள்ளாட்டம்

ஒச்சம்மாள்: ...அதெல்லாம் கெடக்கட்டும்ணே. ஊதுங்க.

பொன்னுத்துரை: என்னம்மா தங்கச்சி, வந்ததும் வராததுமா... செத்த உக்காரு. மோர் குடி.

ஒச்சம்மாள்: மோரு அப்பறம். மொதல்ல வாயைத் தெறந்து ஊதுங்க.

பொன்னுத்துரை: எம் பொண்ணு பாத்துக்கிட்டு நிக்கிது...

ஒச்சம்மாள்: பாக்கட்டும். எம் மகன் சோலைமலைக்கு வாக்கப்படப் போறவதானே? மாமியா எப்படின்னு இப்பவே தெரிஞ்சுக்கிறட்டும். ஊதுங்க!

பொன்னுத்துரை: ஃபூ...

ஒச்சம்மாள்: ...வெத்தலை வாடைதான் வருது.

பழனியம்மாள்: அத்தை, எங்கப்பா வெத்தலையோட பொகையிலகூடச் சேத்துக்க மாட்டாரு.

பொன்னுத்துரை: பழனியம்மா, நீ போயி மல்லியப்பூ எடு, போ.

பழனியம்மாள்: பூவெல்லாம் வெள்ளனத்துலயே எடுத்து வத்தலக்குண்டு போயிருச்சுப்பா.

ஒச்சம்மாள்: இங்க பாருங்கண்ணே. வடமதுரையில மொத பஸ்ஸைப் பிடிச்சு, திண்டுக்கல்லுல மாறி, வத்தலக்குண்டுல எறங்கி வெயில்ல நடந்து வாரேன். எதுக்கு? வர்ற வெள்ளிக்கெழமை பரிசம். நேத்து சந்தையில ஒருத்தன் சொல்றான்... பொன்னுத்துரையா, பொழுது சாஞ்சா வரப்புல நிக்க மாட்டாரே, மதுவிலக்கு ஏட்டு பிடிச்சு டேசன்ல உக்கார வச்சிருந்தாரேங்கிறான். எனக்கு எப்படி இருக்கும்? நெசமா, பொய்யா?

பொன்னுத்துரை: ...குடிச்சேன்தான், தங்கச்சி. இனிமே தொட மாட்டேன்.

பழனியம்மாள்: அப்பா!

ஒச்சம்மாள்: எங்க வாங்குனீங்க?

பொன்னுத்துரை: எங்கயோ... ஓடைக்கு அங்கிட்டு.

ஒச்சம்மாள்: என்ன சரக்கு?

பொன்னுத்துரை: அது... வெள்ளையா இருந்துச்சு.

பழனியம்மாள்: பாலு.

பொன்னுத்துரை: ஏத்தா, நீ வாயை மூட மாட்ட?

ஒச்சம்மாள்: எங்க வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தவரு. மறுபடி ஒரு குடிகாரனோட நான் மல்லுக்கட்டணுமா? வேணாம்ணே. பரிசமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வாரேன்.

பழனியம்மாள்: அத்தை, நில்லுங்க. அப்பா... சொல்லிருங்க.

பொன்னுத்துரை: முடியாதுத்தா.

பழனியம்மாள்: குடிகாரன்னு சொன்னாலும் கல்யாணம் நிக்கத்தான் போகுது. அதுக்கு நெசத்தைச் சொல்லியே நிக்கட்டுமே!

பொன்னுத்துரை: ...காதுல கோளாறு, தங்கச்சி.

ஒச்சம்மாள்: என்னது?

பொன்னுத்துரை: காது.

ஒச்சம்மாள்: தள்ளாடுறது காலு, கோளாறு காதுலயா? நான் மெதுவாப் பேசுனாக்கூட ஒங்களுக்குக் கேக்குதே!

பொன்னுத்துரை: கேக்குற எடம் வேற. அது நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கு. அதுக்குப் பக்கத்துலயே கம்மல் வளையமாட்டம் மூணு குழாய் இருக்காம். உள்ள தண்ணி. தண்ணிக்குள்ள முடி.

ஒச்சம்மாள்: முடியா? ஒங்களுக்குத்தான் காதுக்கு வெளியவே கொத்துக் கொத்தா நிக்கிதே!

பழனியம்மாள்: அய்யோ அத்தை... அது வேற வெவசாயம்!

பொன்னுத்துரை: சிரிங்க, சிரிங்க... இது கண்ணுக்கே தெரியாத முடிம்மா. டாக்டரு படம் போட்டுக் காட்டுனாரு. தலையைத் திருப்புனா உள்ள தண்ணி பின்தங்கும். அந்த இழுப்புல முடி சாயும். வாய்க்கால்ல பாசி சாயுமே, அப்படி. எந்தப் பக்கம் சாஞ்சுச்சோ அதை மூளைக்குச் சொல்லி அனுப்பிரும். மூளை காலுக்குச் சொல்லிரும்.

ஒச்சம்மாள்: கேக்குற எடத்துல?

பொன்னுத்துரை: அங்கயும் முடிதான். சத்தம் வந்து தண்ணியை அலசுனா முடி ஆடும். கீச்சுக் கொரலுக்கு வாசல்ல இருக்குற முடி, மேளச் சத்தத்துக்கு உள்ள கடேசியில இருக்குற முடி. அது எனக்குத் தப்பிச்சிருச்சு. தள்ளாடாம நிறுத்துற முடிதான் போயிருச்சு.

ஒச்சம்மாள்: ...பகல்ல நல்லாத்தானே நடக்குறீங்க?

பொன்னுத்துரை: பகல்ல கண்ணு பாத்துக்கிரும். இருட்டுனா கண்ணுக்கும் வேலை இல்லை, காதுக்கும் வேலை இல்லை. காலு தனியாத் தவிக்கும்.

ஒச்சம்மாள்: மொகம் கழுவயில கண்ணை மூடுனா... முன்னால சாயுமா?

பொன்னுத்துரை: ஆமா! தொட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கழுவுவேன். ஒனக்கு எப்படித் தெரியும்?

ஒச்சம்மாள்: சும்மா... கேட்டேன். மேல சொல்லுங்க. எங்களுக்கு யாரும் இம்புட்டு வெவரமாச் சொல்லல.

பழனியம்மாள்: உங்களுக்கா?

ஒச்சம்மாள்: எங்க ஊருல... யாருக்கும் தெரியாதுன்னேன்.

பழனியம்மாள்: அத்தை, நம்பலைன்னா ஒரு வெளாட்டு. கண்ணை மூடிக்கிட்டு, கையை விரிச்சுச் சுத்துங்க.

ஒச்சம்மாள்: நானா? இந்த வயசுலயா?

பழனியம்மாள்: தோட்டத்துல யாரும் இல்லை. சுத்துங்க அத்தை... வெரசா... இன்னும்... ம்ம், நில்லுங்க! கண்ணைத் தெறங்க!

ஒச்சம்மாள்: அடி ஆத்தி! தென்னை மரம் ஓடுதுடி! பிடிடி... பிடிடி என்னை!

பழனியம்மாள்: பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்! நீங்க நின்னுட்டீங்க, உள்ள தண்ணி நிக்கல. முடி இன்னும் சாஞ்சே கெடக்கு. அதான் சுத்துது.

பொன்னுத்துரை: இப்ப ஏட்டு வந்தாருன்னா சம்பந்தியம்மாவைத்தான் டேசனுக்குக் கூட்டிட்டுப் போவாரு.

ஒச்சம்மாள்: சிரிக்காதீங்கண்ணே... வயிறு வலிக்குது... நீங்க சுத்துனா?

பழனியம்மாள்: எம்புட்டு வேணும்னாலும் சுத்துவாரு. அப்பா, கையைக் குடுங்க. கண்ணைத் தெறந்தே சுத்துங்க... பாருங்க அத்தை, பாருங்க... நில்லுங்கப்பா!

பொன்னுத்துரை: நின்னுட்டேன். தென்னை மரம் நட்ட எடத்துலயே நிக்கிது.

ஒச்சம்மாள்: கொஞ்சங்கூடக் கிறுகிறுங்கலையா?

பொன்னுத்துரை: சாயுறதுக்கு முடி இருந்தாத்தானே? திருவிழா ராட்டினத்துல எல்லாரும் வாந்தி எடுப்பாங்க, நான் வேர்க்கடலை திம்பேன். போனதுல இது ஒண்ணுதான் லாபம்.

ஒச்சம்மாள்: ...முடி எதனால போச்சு?

பொன்னுத்துரை: ஒரு ஊசி. நெதமும் போட்டாங்க.

ஒச்சம்மாள்: எதுக்குப் போட்ட ஊசி?

பொன்னுத்துரை: மொதல்ல மோரைக் குடி, தங்கச்சி.

பழனியம்மாள்: அப்பா, பாதிக் கெணறு தாண்டிட்டீங்க...

பொன்னுத்துரை: டீ.பி.ம்மா. மொத எலெக்சன் வந்த வருசம். மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். நெஞ்சு இப்பச் சுத்தமா இருக்கு, எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஊருல திருப்பூருக்கு மில்லு வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லி வச்சோம். தெரிஞ்சா எம் பொண்ணை யாரு கட்டுவா? அதான்... குடிகாரன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

ஒச்சம்மாள்: ...அந்த முடி திரும்ப மொளைக்குமாண்ணே?

பொன்னுத்துரை: மொளைக்காதாம். ஆனா கண்ணும் காலும் பழகிக்கிரும். மொதல்ல நான் படுக்கையை விட்டே எந்திரிக்க முடியாம கெடந்தேன். இப்பத் தென்னந்தோப்பு பூரா நானே தண்ணி பாச்சுறேன்.

ஒச்சம்மாள்: அப்ப... பொறக்கப்போற பேரப் பிள்ளைகளுக்கு? அதுக காதுலயும் முடி இல்லாம போயிருமா?

பொன்னுத்துரை: சேச்சே! அதைத்தான் நானும் மொதல்ல கேட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதது தாய் வயித்துல புதுசா மொளைக்கிறதாம். கரு எலுமிச்சம்பழம் அளவு இருக்கயிலயே இந்த முடி மொளைச்சிருமாம். பெறகு கேக்குற முடி. அஞ்சாறு மாசம் ஆனா, உள்ள இருந்துக்கிட்டே பிள்ளை வெளிச் சத்தத்தைக் கேக்குமாம்.

ஒச்சம்மாள்: ஊசியால கெட்டது?

பொன்னுத்துரை: ஊசி போட்டுக்கிட்டவனோட முடிஞ்சிரும்.

ஒச்சம்மாள்: டாக்டரு வாயால சொன்னாரா? நெசமாவா?

பழனியம்மாள்: நானே பக்கத்துல இருந்தேன் அத்தை. இங்க பாருங்க, ஒத்தக் கால்ல நிக்கிறேன், கண்ணை மூடிக்கிறேன். ஆடுறேனா?

ஒச்சம்மாள்: இல்லத்தா... கல்லுத்தூணு மாதிரி நிக்கிற. எங்க கண்ணே பட்டுரும், காலைக் கீழ வையி.

பழனியம்மாள்: அத்தை... ஏன் கண்ணு கலங்குது? இப்பத்தானே சிரிச்சீங்க?

ஒச்சம்மாள்: சந்தோசம்டி. அந்த மோரைக் குடு. அண்ணே, வெள்ளிக்கெழமை பரிசம் பரிசம்தான்.

பொன்னுத்துரை: தங்கச்சி... நெசமாத்தானா?

ஒச்சம்மாள்: ஆனா சாயந்தரம் வேணாம். காலையில வச்சுக்குவோம், வெயிலு நல்லா ஏறுன பெறகு.

பொன்னுத்துரை: எனக்காக மாத்தாதம்மா. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நான் சமாளிச்சுக்கிருவேன்.

ஒச்சம்மாள்: ஒங்களுக்காக இல்லண்ணே... எம் மகனுக்காக. அவனும் அந்த ஊசி போட்டுக்கிட்டவன்தான். அதே நோவு. நல்லாகி வேலைக்குப் போறான், பகல்ல புலி மாதிரி நடப்பான். இருட்டுனா... ஒங்களை மாதிரிதான்.

பொன்னுத்துரை: அடி ஆத்தாடி...

ஒச்சம்மாள்: பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிருக்கணும். நாக்கு எந்திரிக்கல. ஏத்தா பழனியம்மா, நீதான் சொல்லணும். வேணாம்னா வேணாம்னு சொல்லிரு, நான் கோவிக்க மாட்டேன்.

பழனியம்மாள்: அன்னைக்கு நீங்க கெளம்பயில இருட்டிப்போச்சுல்ல, அத்தை? அவரு செவுத்தைத் தொட்டுத் தொட்டு, தரையைப் பாத்துப் பாத்து வண்டிக்குப் போனாரு. எங்கப்பா நடை எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்.