பக்கத்து நாற்காலி அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அழுது ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே! மன்னிக்கவும், மைக் கீச்சிடுகிறது... சரியாகிவிட்டது. கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் வணக்கம். நன்றாக ஓடுங்கள். அக்கா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவரை நம்மில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? நமக்கெல்லாம் அவர் 'பக்கத்து நாற்காலி அக்கா'. பேச்சு வராத நம் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும், வகுப்பில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பள்ளியில் போய்க் கேட்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாளம். இந்தப் பக்கம் நாம் மட்டும். அப்போது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது யார்? நம் அக்கா!

என் மகனுக்காக முதன்முதலில் போன அன்று, மாடிப்படியிலேயே என்னை நிறுத்தினார்.

"இங்கயே அழுதுடு. உள்ள போனா நேரம் கிடைக்காது."

அழுதேன். மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இந்த வாரம் பையன் எதுக்குச் சிரிச்சான்?"

"குழாய்ல தண்ணி சொட்டுறதப் பாத்து."

"அதுலேர்ந்து ஆரம்பி."

ஆரம்பித்தேன். தலைமையாசிரியர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். பயிற்சி கிடைத்தது.

கிடைத்ததை நாம் வீட்டுக்குக் கொண்டுபோனோம். களைப்பை அவர் எங்கே கொண்டுபோனார்? ஒருநாள் கூட்டம் முடிந்ததும் நானும் அவரோடு தொற்றிக்கொண்டேன். எந்தப் பேருந்து வந்தாலும் ஏறுவார். கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமலே திரும்புவார். அவர் முகத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி நகர்ந்தன. கண்கள் பாதி மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"என்னக்கா?"

"அவங்க 'பாக்கலாம்'னு சொன்னாங்கல்ல? இன்னும் அதுக்குப் பதில் சொல்லிட்டே இருக்கேன்டி" என்று சிரித்தார்.

போன மாதம் அவருடைய சொந்த மகளுக்கான கூட்டம். வகுப்பில் அவளுக்கு இருந்த துணையாளரை இனி நிறுத்திவிடப் போவதாகப் பள்ளியில் சொன்னார்கள். விடாமல் வாதாடிய அக்கா, பழக்க தோஷத்தில் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "இந்தம்மா ரொம்பக் களைச்சுட்டாங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாராம். நாற்காலி காலி! அந்த அம்மா அவரேதான்! வகுப்பாசிரியை இதோ இருக்கிறார், அவர்தான் சொன்னார். தண்ணீரோடு வந்தவர் யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல் நின்றாராம். முடிவைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

இன்று காலை ஒரு பேருந்து என்னைக் கடந்து போனது. சன்னலோரம் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். என்னை அறியாமல் கை காட்டினேன்.

தள்ளிவைத்த கூட்டம் வியாழக்கிழமை நடக்கிறது. முன்வரிசையில் அக்காவின் கணவர் மகளோடு இருக்கிறார், மின்கம்பி வேலை செய்பவர். வந்ததிலிருந்து ஒன்றையே சொல்கிறார்: "எனக்கு அங்கெல்லாம் பேச வராதுங்க."

அண்ணே! எங்களுக்கு மட்டும் வந்ததா? இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். இனி எந்தப் பெற்றோரும் அந்த மேசை முன் தனியாக உட்கார மாட்டார்கள். வியாழக்கிழமை மாடிப்படியில் நான் நிற்பேன். அங்கேயே அழுதுவிடுங்கள். பக்கத்து நாற்காலி என்னுடையது.

பாப்பா இந்த வாரம் எதற்குச் சிரித்தாள் என்று நான் கேட்கப் போவதில்லை. சற்று முன் இந்த மைக் கீச்சிட்டபோது உங்கள் மடியில் ஒரு சிரிப்புக் கேட்டதே! நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

அதுலேர்ந்து ஆரம்பிங்க, அண்ணே.