பட்டாணியின் இடது காது

“ஹலோ... அக்கா, நான்தான். அத்தான் வீட்டுல இருக்காரா?... கூப்பிடாத, கூப்பிடாத. நீயே கேட்டுச் சொல்லு. ஒரே ஒரு பாயின்ட்தான். நீலம் இருட்டுல நல்லா எடுக்குமாம், பச்சை எடுக்காதாம். இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேளு... ஆமா, கடையிலேர்ந்துதான்... ஆமா ஆமா, அதே கடைதான்... இல்லக்கா. இன்னும் வாங்கல.”

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். காமிராக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் குழந்தை பட்டாணியின் ஷூ ஒன்று. கழற்றி வீசியதில் படி வரைக்கும் வந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் கவுன்ட்டர்மேல் இரண்டு காமிராக்களை அருகருகே வைத்து, தீர்ப்பு எழுதப் போகிறவர் மாதிரி மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பனைப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தம்பதிக்கு எழுந்து நின்று பதில் சொல்லும் வழக்கத்தை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

பச்சை, நீலம் என்பது இரண்டு கம்பெனிகளின் அட்டைப்பெட்டி நிறம். கம்பெனிப் பெயரைச் சொல்வதைக் குடும்பத்தில் எல்லோரும் மறந்து வெகு காலமாகிறது. அக்கா வீட்டில் பச்சை. அத்தானிடம் பச்சைக் கம்பெனி லென்ஸ்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. நீங்களும் பச்சையே வாங்கினால் எது வேண்டுமானாலும் இரவல் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரரின் மேலதிகாரியிடம் நீலக் கம்பெனி லென்ஸ்கள் ஒரு பை நிறைய. அவரும் அதே வாக்கைக் கொடுத்திருந்தார். இந்தக் கம்பெனியின் லென்ஸ் அந்தக் கம்பெனியின் காமிராவில் மாட்டாது. பச்சை வாங்கினால் அலுவலகத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நீலம் வாங்கினால் பிறந்த வீட்டில் பேச மாட்டார்கள். காமிராவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிறந்த வீட்டு மானத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். அதனால் பச்சைக்காக விட்டுக்கொடுக்காமல் வாதாடிக்கொண்டிருந்தாள்.

“என்னது?... ஐயோ, போனை அவர்கிட்ட குடுக்காத, நீயே... ஹலோ அத்தான், நல்லா இருக்கீங்களா... ஆமா அத்தான்... ஆமா... ஆமா... அப்படியா?... சென்சார் பெருசா. சரி... இல்ல, புரியுது. நீங்க சொல்றப்ப புரியுது அத்தான், உள்ள போய் நான் சொல்றப்பதான் புரிய மாட்டேங்குது.”

அத்தான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவர். ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை நிறுத்த மாட்டார். அவள் “ம்” கொட்டியபடி ஷூவின் நாடாவை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

“மறக்கல அத்தான். காது படம் பத்திரமா இருக்கு... ஆமா, அதுல பூனைமுடியைக்கூட எண்ணலாம்... ஆமா, நீலத்துல அப்படி வராது. கண்டிப்பா வராது.”

பட்டாணியைப் பார்க்க அக்காவும் அத்தானும் ஊரிலிருந்து வந்தபோது, அத்தான் பறவை எடுக்கிற நீள லென்ஸை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அறைக்குள் அது எதையுமே பிடிக்கவில்லை. பின்னால் போனார். வராந்தாவுக்குப் போனார். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மதிலில் முதுகு முட்டும்வரை போனார். அங்கிருந்து ஜன்னல் வழியாக எடுத்ததில் குழந்தையின் இடது காது மட்டும் விழுந்தது. என்ன துல்லியம் என்று அவரே வியந்தார். நடக்கிற வயதை எட்டிவிட்ட பட்டாணிக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே படம் அது.

கைப்பேசியில் எடுத்திருக்கலாமே என்றால், அதற்குத் தடை. வீட்டுக்காரர் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். ஓரம் உடைந்த பிஸ்கட் எதிரில் வந்தால் அவர் கை தானாக அதை ஒதுக்கிவிடும். பட்டாணி பிறந்த அன்று கைப்பேசியில் எடுத்த படத்தை இரண்டு விரலால் விரித்தார், இன்னும் விரித்தார், குழந்தையின் மூக்கு திரை முழுவதையும் அடைக்கும்வரை விரித்தார். “கூழா இருக்கு” என்று சொல்லி அழித்துவிட்டார். நல்ல காமிரா வாங்கின பிறகுதான் படம் என்று அன்றைக்கு முடிவானது. தானாக முடிவானது போல இப்போது அவள் நினைத்துக்கொள்கிறாள். அன்றைக்கு, முதல் படமே கூழாகவா இருக்க வேண்டும் என்று கேட்டவளே அவள்தான்.

அதற்கப்புறம் விடுமுறை தவறாமல் கடைக்கு வருவார்கள். வீட்டுக்காரர் தன் சொந்த மெமரி கார்டைப் போட்டு, இரண்டு காமிராவாலும் கடைக்கு எதிரே உள்ள செங்கல் சுவரை எடுப்பார். வீட்டுக்குப் போய்க் கணினியில் பெரிதாக்கி, எந்தச் செங்கல் எதில் கூர்மை என்று ஆராய்வார். பட்டாணியின் படங்களுக்கென்று கணினியில் ஒதுக்கிய இடத்தில் இப்போது செங்கல்தான் குடியிருந்தது.

“என்ன அத்தான்?... நீலம் வாங்கினா லென்ஸ் கிடையாது... நாங்க எப்ப வேணா வரலாம், லென்ஸ் மட்டும் வராது. சரி... கோவமெல்லாம் இல்லத்தான். அக்காகிட்ட குடுங்க... குடுங்க அத்தான்.”

அவள் கைப்பேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

“அக்கா? அப்பாடா... ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஏதோ பெருசுன்னார்... என்ன, அம்மாவா? அம்மாவுக்கு என்ன?... படம் கேட்டாங்களா? நேத்துகூடவா?... சொல்லேன், காமிரா வாங்கினதும் மொத வேலை அதுதான்னு... தெரியும்க்கா. ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றோம்னு எனக்கும் தெரியும்.”

அம்மா முழங்கால் வலியால் ரயில் ஏற முடியாதவள். அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். பேத்தியை இன்னும் பார்க்கவில்லை. படத்துக்காக ஒரு சட்டம் வாங்கி அலமாரிமேல் வைத்துக் காத்திருந்தாள். சட்டத்தோடு கடைக்காரன் மாதிரிக்குப் போட்டிருந்த ஏதோ ஒரு ஊர்க் குழந்தை, பூனைக்கண்ணும் கம்பளித் தொப்பியுமாக, அதற்குள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

“யார் சொன்னா?... எதிர்வீட்டம்மாவா? சட்டத்துல இருக்கற குழந்தைக்கு அம்மாவோட மூக்கே அச்சாமா?... அம்மா என்ன சொன்னாங்க?... ஆமான்னாங்களா?... சிரிக்காதக்கா... தினம் தொடைக்கறாங்களா?... பேசறாங்களா? யாரோ பெத்த புள்ளைகிட்டயா?... என்னன்னு கூப்பிடறாங்க?”

பதில் வந்ததும் அவள் ஷூ நாடாவைச் சட்டென்று இழுத்தாள்.

“பட்டாணின்னா?”

நாடா முடிச்சு இறுகிப்போய் அவிழ மறுத்தது. அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கைக்கு அகப்பட்ட அக்காமேல் திரும்பியது.

“என்னைக் குத்தம் சொல்லாதக்கா. உனக்கென்ன, உன் வீட்டுல எப்பவோ காமிரா வந்தாச்சு. ஆல்பம் ஆல்பமா அடுக்கி வெச்சுக்கிட்டு அடுத்தவளைச் சொல்லலாம்... என்ன?... போடலையா? ஏன்?... அப்ப மலைக்குப் போனீங்களே?... நிலாவா?... அத்தனையும் நிலாவா?... சரி, ஏரிக்குப் போனது?... கொக்கு... நீ எதுலயுமே இல்லையா?... ஒண்ணுல இருக்கியா? எங்க?... கொக்குக்குப் பின்னாடி.”

படியேறி வந்த ஒருவருக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

“நீதான்னு தெரியுதா?... சேலையை வெச்சுதானா... ஏன் அப்படிக் கூழா இருக்க?... ஓ. பின்னாடி இருக்கறது மங்கினாத்தான் நல்ல லென்ஸாமா... அக்கா?... அக்கா, அழுவறியா என்ன?... சரி, சளிதான். நான் ஒண்ணும் கேக்கல.”

கடைக்குள்ளிருந்து இளம் ஜோடி ஒன்று கையில் பையோடு வெளியே வந்தது. சற்று முன்தான் உள்ளே போனவர்கள். எது கைப்பைக்குள் அடங்கும் என்று அந்தப் பெண் கேட்டாள், விற்பனைப் பெண் ஒன்றைக் காட்டினாள், முடிந்தது. வாசலில் நின்று அவன் அவளை எடுத்தான். பிறகு அவள் அவனை எடுத்தாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு படத்தைப் பார்த்துச் சிரித்தபடி இறங்கிப் போனார்கள்.

“ஒண்ணும் இல்லக்கா, ஒரு புருஷன் பொண்டாட்டி காமிரா வாங்கிட்டுப் போறாங்க... பச்சையா நீலமான்னா அத்தான் கேக்கறார்? பெட்டியைப் பார்க்கலன்னு சொல்லு. அவங்க மூஞ்சியைத்தான் பார்த்தேன்.”

உள்ளே வீட்டுக்காரர் மறுபடி செங்கல் சுவருக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பச்சையிலிருந்து மெமரி கார்டை உருவி உதட்டில் கவ்விக்கொண்டு, இடது கையில் பச்சையும் வலது கையில் நீலமுமாக நின்றார். நீலத்தின் பேட்டரி தீர்ந்துபோய், விற்பனைப் பெண் அதை மட்டும் கழற்றிச் சார்ஜில் போடப் போயிருந்தாள். அவள் விட்டுப்போன ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பட்டாணி நின்றது. கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தது.

“இரு அக்கா... ஒண்ணும் இல்ல, பட்டாணி ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா... அதெல்லாம் தினம் நிப்பா, கையை விட மாட்டா...”

அவள் எழுந்துவிட்டாள்.

“விட்டுட்டாக்கா.”

ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் வெறுமையாகவும், அதனால் சற்றுச் சாய்ந்தபடி, பட்டாணி ஓர் அடி வைத்தது. நின்று யோசித்தது. இன்னோர் அடி வைத்தது. வீட்டுக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். வாயில் கார்டு இருந்ததால் “ம்ம், ம்ம்” என்று மட்டும்தான் வந்தது. பச்சையைத் தூக்கி அமுக்கினார்; அதற்குள் கார்டு இல்லை. நீலத்தைத் தூக்கி அமுக்கினார். அதற்கு உயிரே இல்லை. இரண்டு கையிலும் இரண்டு கம்பெனிகளை ஏந்திக்கொண்டு அவர் குழந்தையின் பின்னால் அப்படியே நின்றார்.

“அக்கா, வை... அத்தானை ஒண்ணும் கேக்க வேணாம், நீ போனை வை. நடக்கறாக்கா, என்னைப் பார்த்து நடந்து வரா... இதுலதான் எடுக்கணும். காதுல வெச்சுக்கிட்டு எப்படி எடுக்கறது? வை.”

அவளே துண்டித்தாள். கதவைத் தோளால் தள்ளினாள். எடுத்தாள்.

படத்தின் மூலையில் அவள் விரல் விழுந்திருந்தது. பட்டாணியின் கைகள் இரண்டும் இறக்கை போல மங்கியிருந்தன. வாய் திறந்திருந்தது. பின்னால் வாயில் கார்டோடு ஒரு மனிதர்.

குழந்தையை இடுப்பில் வாரி எடுத்துக்கொண்டு கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். அவர் காமிராக்களைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார். பழக்கத்தில் இரண்டு விரல்களும் திரைமேல் போய் நின்றன. விரிக்கவில்லை. வெகு நேரம் அப்படியே பார்த்தார். வாயிலிருந்து கார்டை எடுத்தார்.

“மூக்கு உங்கம்மாவோடது” என்றார்.

அவள் படத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, படிக்கு வந்து ஷூவைத் தேடி எடுத்தாள். அதற்குள் கைப்பேசி அடித்தது.

“ஹலோ... சொல்லுங்க அத்தான்... ஆமா, நான்தான் அனுப்பினேன். பிரிண்ட் போட்டு அம்மாவோட சட்டத்துல வைக்கணும்... அந்தக் குழந்தை பின்னாடி இருந்துட்டுப் போகட்டும், தூக்கி எறிய வேணாம், அம்மாவுக்குப் பழகிடுச்சு... எதுல எடுத்ததா? பச்சை இல்லத்தான்... இல்ல, நீலமும் இல்ல... ஆமா, ஆடியிருக்கு. ஆமா, கூழாத்தான் இருக்கு. அவ நடந்துக்கிட்டிருந்தா அத்தான்.”

மறுமுனை தொடர்ந்தது. இந்தத் தடவை அவள் “ம்” கொட்டவில்லை.

“அத்தான், ஒரு நிமிஷம். அக்கா பக்கத்துல இருக்காளா?... அடுக்களைல நிக்கறாளா? என்ன பண்றா?... சிரிக்கறாளா, படத்தைப் பார்த்துட்டா? சரி. உங்க கையில இருக்கறது அவ போன்தானே?... அப்படியே திரும்புங்க... வெளிச்சம் எப்படி இருந்தா என்ன. பீரோவைத் திறக்க வேணாம் அத்தான். பின்னாடி கொக்கும் வேணாம், நிலாவும் வேணாம். அக்காவை மட்டும் எடுங்க, காதோட, மூக்கோட, முழுசா... பேசிக்கிட்டே எப்படி எடுப்பீங்க? நான் வைக்கறேன்.”

வைத்துவிட்டாள்.