கொடி ஏறாத பின்னேரம்

மாரி காலத்தில் ஒரு நீர்வண்ணப் படம் சரியாகக் காய நான்கு நாள் பிடிக்கும். அதனால் டிசம்பர் இருபத்திரண்டாம் திகதிக்கு வேண்டிய படங்களை நான் பதினைந்தாம் திகதியே முடித்துவிடுவேன்.

ஆண்டின் மிக நீண்ட இரவு அந்தத் திகதியில்தான். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் அன்று நண்பர்களை வீட்டுக்கு அழைத்துப் படங்களைக் காட்டுவார், பாட்டு வைப்பார். 1957இல் வெள்ளைக்காரர்கள் தளத்தை விட்டுப் போன பிறகு அந்த வழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். உட்துறைமுகத்தைப் பார்த்த என் முன்கூடத்தில் பன்னிரண்டு கதிரை போடலாம். சுவர் நிறைய என் படங்கள். மனைவி மாகிரட் கேக்கும் கோப்பியும் கொடுப்பாள். மூன்றரைக்குத் தொடங்கிப் பொழுதுபடும்போது முடிப்போம்.

பாடுவதற்குக் கமலேஸ்வரி வருவாள். சல்லி என்ற கரையோர ஊரில் மீன்பிடிக்கும் ஆனந்தராசாவின் மனைவி. அங்குள்ள அம்மன் கோயிலில் அவள் பாடியதை ஒருநாள் தற்செயலாகக் கேட்டேன். படித்த ஆட்களின் முன் அவளைக் கொண்டுவந்து இருத்தியவன் நான்தான்.

1959ஆம் ஆண்டுக் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து குணரத்தினம் என்ற சஞ்சிகை ஆசிரியர் வந்திருந்தார். படங்கள் பிடித்தால் கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு ஒழுங்கு செய்வதாக எழுதியிருந்தார். இருபது வருடமாகப் படம் கீறுகிறேன். திருகோணமலைக்கு வெளியே ஒருவரும் என் படத்தைக் கண்டதில்லை. விசாரிக்க வந்த நீங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று இரண்டு மணிவரை துறைமுகக் கந்தோரில் எனக்குக் கடமை, அதன் பிறகு அங்கே ஆள் இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு எச்சரிக்கைக் கொடி ஏற்றும் சிறிய கந்தோர் அது. ஒன்று இருபதுக்குத் தந்தி வந்தது. பியோன் றஊப் சாப்பிடப் போயிருந்தான். தந்திப் புத்தகத்தில் என் கையெழுத்தையும் நேரத்தையும் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், நான் மறுக்கவில்லை. கிழக்கே புயல், பொழுதுபடுமுன் கரையை அடிக்கும் என்று இருந்தது. நான் கொடியை ஏற்ற வேண்டும். றஊப் சைக்கிளில் போய்க் கரையோர ஊர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கொடியைக் கண்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். விருந்தினர்கள் கூரையைக் கட்டவும் யன்னலை அடைக்கவும் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். குணரத்தினம் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார்.

தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். றஊப் திரும்பி வந்ததும், "இண்டைக்கு ஒரு வேலையுமில்லை, நீ வீட்டை போ" என்றேன். அவனுக்குச் சந்தோசம்.

எல்லோரும் வந்தார்கள். நாலரை மணிக்கு யன்னல் கதவுகள் அடிக்கத் தொடங்கின. கமலேஸ்வரி பாட்டை இடையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, காத்து மாறுது. எங்கட ஆக்கள் விடியவே கடலுக்குப் போனவை. இன்னும் வந்திருக்க மாட்டினம். கந்தோரிலை கொடி ஏத்தினவையோ?"

"இல்லைப் பிள்ளை. ஏதும் வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமோ?"

"கரையிலை நெருப்பு மூட்டினால் கண்டு வந்திடுவினம். நான் ஒருக்கால் போய் வரட்டே?"

"வீணாப் பயப்படாதை. நீ பாடு."

"நீங்கள் சொன்னால் சரிதான், ஐயா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பாடினாள். மாகிரட் யன்னல்களை இழுத்துச் சாத்தினாள். பாட்டு முடிந்த பிறகு குணரத்தினம் எழுந்து என் படங்களின் முன் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். ஒரு படத்தின் முன் இரண்டு நிமிடம் நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆறு மணிக்கு எல்லோரையும் வழியனுப்பிவிட்டு, மழையில் நனைந்தபடி கந்தோருக்குப் போய்க் கொடியை ஏற்றினேன். அந்தக் காற்றில் நான் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டவர்கள் இன்றும் என்னைப் புகழ்கிறார்கள்.

சல்லியில் இரண்டு வள்ளங்கள் திரும்பவில்லை. ஐந்து பேர். ஆனந்தராசாவை மூன்றாம் நாள் கரையில் எடுத்தார்கள். செத்தவீட்டுக்கு நானும் மாகிரட்டும் போயிருந்தோம்.

தை மாத இதழில் குணரத்தினம் எழுதியிருந்தார். கமலேஸ்வரியின் குரலைப் பற்றி ஒரு பக்கம். என் படங்களைப் பற்றி, "சுவரில் சில கடற்காட்சிகளும் இருந்தன" என்று ஒரு வரி. அதை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று தெரியாது. அவருக்காக நான் எவ்வளவு செய்தேன் என்பதை அந்த மனிதர் ஒருநாளும் அறியப்போவதில்லை.

ஓம், தந்தியை நான்தான் மறைத்தேன். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அது என் சட்டைப்பையில் இருந்தது. கொடி ஏறியிருந்தால் அந்த ஐந்து பேரும் கரைக்கு வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனந்தராசாவைத் தவிர மற்ற நால்வரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இந்த வருடமும் பாட வரச்சொல்லிக் கமலேஸ்வரிக்கு ஆள் அனுப்பினேன். அந்த வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அப்போது அவளுக்குத் தந்தியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அப்படியிருக்க, அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.