தண்ணீரில் இறங்க மறுத்த வாத்து

பெயர் ஜெபினிசோ, வயது 54, கணவர் பெயர் யுல்தாஷ். மர்கிலான் நகரம், மாதுளைச் சந்து, 17ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். மின்வாரியத்தில் 26 வருடமாக மீட்டர் ஆய்வாளராக இருக்கிறேன். பக்கத்து வீட்டு சோஹிப்நசரின் வயரை வேண்டுமென்றே அறுத்ததாக என் மேல் புகார் என்றும், குற்றம் உறுதியானால் என் வேலை போகும் என்றும் சொல்லப்பட்டது. அது பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மேற்படி சோஹிப்நசர் போன மாதம் தன் முற்றத்துக் குளத்தில் நீரூற்று வைத்தார். அதன் மோட்டாருக்கு வீட்டுக்குள் போடும் வெள்ளை வயரை இழுத்து, நீளம் பற்றாத இடத்தில் இன்னொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, பிளாஸ்டிக் பை கட்டித் தண்ணீருக்குள்ளேயே விட்டிருந்தார். கரண்ட் கசிந்தால் தானாகக் கட் ஆகும் டிரிப்பர் அந்த வீட்டில் கிடையாது. தண்ணீருக்குள் ஒட்டு இருக்கக் கூடாது, டிரிப்பர் இல்லாமல் குளத்துக்குக் கரண்ட் போகக் கூடாது, வெளியே போடுகிற வயரைக் குழாய்க்குள் விட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். "ஊர்க் கரண்ட்டை நீங்க பாருங்கக்கா, என் குளத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

14ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு, அவர் மகள் லோபரைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாய் சவோதத் அம்மா வந்திருந்ததால் உதவிக்குப் போனேன். குளிர்வதற்காகக் குளத்தில் ஆறு தர்பூசணிகள் மிதந்தன. அந்த வீட்டு வாத்து மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தது. நாலு நாளாகத் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று லோபர் சொன்னாள். தண்ணீரில் கரண்ட் கசிகிறது என்று புரிந்துகொண்டேன். உடனே மெயின் சுவிட்சை அணைத்தேன். நீரூற்று நின்றதைப் பார்த்து சோஹிப்நசர் போய்ப் போட்டார். மறுபடி அணைத்தேன், மறுபடி போட்டார். அதன் பிறகு சவோதத் அம்மா, பழத்தைத் தானே பார்த்து எடுப்பதாகச் சொல்லி, கையை மடித்துவிட்டுக்கொண்டு வெறுங்காலுடன் குளத்துக்குப் போனார். "கையை வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே அவர் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் இருவரும் பூப்பாத்தியில் விழுந்தோம். அவரை லோபர் பிடித்துக்கொள்ள, நான் மூன்றாம் தடவை மெயினை அணைத்து, அதன் பிறகு கைப்பையில் எப்போதும் இருக்கும் கட்டிங் பிளேயரால் வயரை அறுத்தேன்.

"சம்பந்தி முன்னால மானத்தை வாங்கிட்டீங்களேக்கா!" என்றார் சோஹிப்நசர். "வாத்துக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே தம்பி!" என்று நான் சொன்னதும் உண்மை. அந்த நேரம் பார்த்து வாத்து எழுந்துபோய்க் குளத்தில் இறங்கி, தர்பூசணிகளுக்கு நடுவே நீந்தியது. சவோதத் அம்மா தலையெல்லாம் மண்ணோடு சிரித்துச் சிரித்து இருமினார். அதன் பிறகு அங்கேயே எங்கள் வழக்கப்படி ரொட்டியை உடைத்துக் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டார்கள். புகாரில் வயர் என்று எழுதியிருந்தாலும் சோஹிப்நசருக்குக் கோபம் வாத்தோடு ஒப்பிட்டுச் சொன்னதில்தான். வாத்தை வேண்டுமானால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வயரை அறுத்ததற்கு வருத்தமில்லை. அதே மாதிரி மாட்டினால் மறுபடியும் அறுப்பேன்.

நான் மேலே "தண்ணீருக்குள்ளேயே விட்டிருந்தார்" என்று சொன்ன இடத்தில், இதை எழுதிய அதிகாரி பேனாவை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போன் செய்து, "யாரும் குளத்துப் பக்கம் போகாதீங்க, மொதல்ல மெயினை அணைங்க!" என்று சொல்லிவிட்டு வந்தார். அதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார். வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒன்றும் பொய்யில்லை.

(கையொப்பம்) ஜெபினிசோ