ஹெல்மெட் போடாத ஆள்

“திருஷ்டி பொம்மை ஹெல்மெட் போடலன்னு புடிச்சிக்கினு வந்துச்சு மச்சான், என் ப்ராஜெக்ட்டு.”

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ். பருத்திப்பட்டில் ஏறிய இரண்டு கல்லூரிப் பையன்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள்.

“இன்னாடா சொல்ற?”

“பாரிவாக்கத்துல மாமா ஊடு கட்றாரு இல்ல, அங்கதான் வீடியோ எடுத்தேன். ஹெல்மெட் இல்லாம வேல செய்றவங்கள கம்ப்யூட்டரு கண்டுபுடிக்கணும். மேஸ்திரி, சித்தாளு எல்லாம் ஒழுங்கா போட்டுக்கினு கீறாங்க. மாடில கட்டி வெச்ச வைக்கோல் பொம்மைய மட்டும் ஆளுன்னு சொல்லி, சுத்தி செவப்பு கட்டம் போடுது.”

“பொம்மைக்கும் ஒண்ணு மாட்டி வுட்டிருக்கலாம்ல?”

“கேட்டேனே. மூஞ்சி மறைஞ்சா திருஷ்டி ஊட்டு மேல வுழும்னு மாமா தொரத்தி வுட்டாரு. இன்னிக்கு மேடம் முன்னாடியும் அதே கட்டம். ஃபெயிலுதான்னு நெனச்சேன்.”

“அப்பறம்?”

“மேடம் சிரிச்சிட்டாங்க. ‘பாக்குறவங்க கண்ணு முதல்ல அதுமேல விழணும்னுதானே அதைக் கட்டுறாங்க? உன் கம்ப்யூட்டரும் அதைத்தானே பார்த்திருக்கு’ன்னாங்க. பாஸ் மச்சான்!”

நண்பன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

பாரிவாக்கத்தில் இறங்கியவன், ரோட்டோரம் பாதி எழும்பி நின்ற வீட்டின் மாடியை அண்ணாந்து பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தூக்கிப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டான்.