மூடியில் மடித்த மாத்திரை

– அந்தச் சீட்ட இன்னும் எத்தினி வாட்டி மாமா பிரிச்சிப் பாப்ப? செங்கல்பட்டுலேர்ந்து ரயில்ல வரச்ச பூரா அதேதான் செஞ்சிகினு வந்த. பையில வெய்யி, பஸ் வர நேரம்.

– எங்க வரும்? எலக்‌ஷன் ஊர்வலத்துல மாட்டிகினு நிக்கும். பஸ்ஸு வராட்டி போவுது பாஞ்சாலி. இந்த சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து வடக்குப்பட்டுக்கு நடந்தே போவச் சொன்னாலும் இன்னிக்கு நான் போவேன். ஒன்னரை. நீயும் கேட்டல்ல, டாக்டரம்மா சொன்னத? கிரியாட்டினின் ஒன்னரை.

– கேட்டேன் மாமா. அங்கியே எனக்கு அழுகை வந்துடுச்சி. பல்லக் கடிச்சிகினு நின்னேன்.

– போன ஆடியில ரெண்டே காலு. ரத்தத்துல கழிவு தேங்குது, கிட்னி சரியா வடிகட்டலன்னு சொன்னாங்களே, அன்னிக்கே நான் போய்ச் சேந்தேன்னு முடிவு கட்டிட்டேன். சோறு எறங்கல எனக்கு.

– ஒரு வாட்டி பாத்து ஒன்னும் சொல்ல முடியாதுன்னும் சேத்துதானே சொன்னாங்க. மூனு மாசத்துக்கு ஒருக்கா வந்து ரத்தம் குடு, ஏறுதா, நிக்குதா, எறங்குதான்னு பாத்தாத்தான் தெரியும்னாங்க.

– வந்தனா இல்லியா? ஒரு வாட்டியாவது தவறினனா? லீவு போட்டுகினு வந்து கைய நீட்டினேன். ரெண்டே காலு ரெண்டாச்சி, அப்பால ஒன்னே முக்காலு, இன்னிக்கு ஒன்னரை. படி எறங்கற மாதிரி எறங்கிகினு வருது.

– முழுசா சரியாவல, இன்னமும் வந்து பாத்துகினே இருக்கணும்னாங்க. அத மறந்துடாத.

– பாக்கலாம், பாக்கலாம். ஆனா ஒன்னு. வலி மாத்திரையாலதான் கிட்னி கெட்டுச்சி, அத நிறுத்துன்னு டாக்டரம்மா கண்டிச்சாங்களே, நான் நிறுத்தினனா?

– எங்க நிறுத்தின? கால்ல விழாத கொறையா கேட்டேன்.

– எப்பிடி நிறுத்துவேன்? ஃபவுண்டரில மோல்டு பெட்டி தூக்கறவன் இடுப்பு உனக்கு இன்னா தெரியும்? நான் பொட்டலம் வாங்கியாந்து குடுக்கறேன், நீதான் தினம் காலையில டிபன் பாக்ஸ் மூடியில ஒன்னு காயிதத்துல மடிச்சி வெக்கிற. சாப்ட்டதும் அதப் போட்டாத்தான் நிமிர முடியுது. ஒரு நாள் உடாம போட்டுகினுதான் கீறேன். அப்பிடியும் எறங்கி கீதுன்னா இன்னா அர்த்தம்? மாத்திர மேல தப்பே இல்ல.

– இன்னிக்கும் டாக்டரம்மா கேட்டாங்க. எப்பவோ நிறுத்திட்டேம்மான்னு கூசாம சொன்ன.

– சொன்னா இன்னா இப்ப? ரத்தமே சாட்சி சொல்லிடுச்சில்ல. அந்த மாத்திர மாதிரி ஒன்னு இல்ல பாஞ்சாலி. எங்க லைன்ல எல்லப்பன் தினம் கைய நீட்டிகினு வந்து நிக்கிறான். பாதி உடைச்சிக் குடுப்பேன். அரை மணியில ஆளே மாறிப் போறான்.

– எல்லப்பண்ணனுக்குமா?

– ஏன் சிரிக்கிற?

– ஒன்னுமில்ல. நல்லா கேக்குதா அவருக்கு?

– பின்ன, உன் மாத்திர மாதிரின்னு நெனச்சியா? உன் முட்டி வலிக்கு எலும்புச் சத்துன்னு ஊர் நர்ஸம்மா மாசா மாசம் குடுக்கறாங்களே. பாக்க என்னுது மாதிரியே வெள்ளையா, வட்டமாத்தான் கீது. இன்னா பிரயோசனம்? ஆஸ்பத்திரி படியில இன்னிக்கும் சுவத்தப் புடிச்சிகினு நொண்டின.

– அது கெடக்குது உடு. இப்ப எங்க எழுந்துட்ட?

– எதிர்ல மெடிக்கல் ஷாப் தெறந்து கீது. அடுத்த வாரத்துலேர்ந்து டபுள் ஷிப்ட் போடச் சொல்லி சூப்பர்வைசர் கேட்டாரு, சரின்னுட்டேன். ஒரு மாத்திர பத்தாது. இனிமே உன்னத் தொந்தரவு பண்ணல, நானே வாங்கி சட்டைப் பையில வெச்சிக்கறேன்.

– வேணாம் மாமா. உக்காரு.

– கைய உடு. பஸ் ஸ்டாப்புல எல்லாரும் பாக்கறாங்க.

– பாக்கட்டும். உன் வலி மாத்திர உனக்கு ஒத்துக்கினுதுன்னா நெனச்சிகினு கீற? அது உன் வாயிலயே போவல. போன ஆடியிலேர்ந்து நீ வாங்கியாந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் வூட்டுக்குப் பின்னால குழி நோண்டிப் பொதச்சிட்டேன். டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவங்களக் கேட்டுகினுதான் செஞ்சேன்.

– பொதச்சிட்டியா? அப்ப மூடியில தினம் மடிச்சி வெச்சது?

– என் முட்டி ஏன் இன்னும் ஆறலன்னு கேட்டியே மாமா. எப்பிடி ஆறும்? என் மாத்திரைய நீதானே முழுங்கிகினு கீற.